சோளக்கதிர் காட்டிய புதுமை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வட இந்திய நகரங்களின் தெருமுனைகளில் கரியடுப்பு மூட்டி மக்காச்சோளக் கதிர்களை வாட்டி விற்பதைக் காணலாம். எலுமிச்சைத் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கதிரின்மீது தேய்த்துத் தருவார்கள். அக்கதிர்களின் மணிகள் பெரும்பாலும் மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருக்கும். ஆனால், மக்காச்சோளத்தின் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் ஊதா, சிவப்பு, கருநீலம், வெண்மை எனப் பல நிற மணிகள் ஒரே கதிரில் கலந்து விளையும் வகைகளும் உண்டு. சில மணிகளில் மை தெளித்தாற்போலப் புள்ளிகளும் கீற்றுகளும் காணப்படும். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய இப்புள்ளிகள் எவ்வாறு தோன்றுகின்றன என்னும் வினாவைத் தொடர்ந்து சென்று, மரபணுக்களைப் பற்றி அறிவியல் உலகம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியமைத்தவர் பார்பரா மெக்கிளின்டாக்.

அவர் 1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஹோமியோபதி மருத்துவர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் எலினார் என்பதாகும். குழந்தையின் இயல்புக்கு அப்பெயர் மிகவும் மென்மையாக இருக்கிறது என்று எண்ணி, பின்னர் பார்பரா என்று மாற்றி அழைத்தனர். நான்கு பிள்ளைகளுள் மூன்றாமவரான அவர், தனிமையில் அமர்ந்து எண்ணமிடுவதிலும் சிறுவர்களோடு சேர்ந்து விளையாடுவதிலும் ஒருங்கே விருப்பம் கொண்டிருந்தார். 1908ஆம் ஆண்டு குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளிப் படிப்பில் அறிவியல் அவரைப் பெரிதும் ஈர்த்தது. எனினும், கல்லூரிக்குச் சென்ற பெண்ணுக்குத் திருமணம் அமைவது கடினம் என்று தாய் அஞ்சினார். முதல் உலகப்போரின்போது படை மருத்துவராகப் பிரான்சுக்குச் சென்றிருந்த தந்தை திரும்பி வந்து மகளின் பக்கம் நின்றார். 1919ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியில் பார்பரா சேர்ந்தார். அங்கே படிப்போடு இசைக்குழு ஒன்றில் பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியையும் வாசித்தார். ஒரு முறை நிலவியல் தேர்வில் எல்லா விடைகளையும் விரைந்து எழுதி முடித்தபின், விடைத்தாளில் எழுதவேண்டிய தம் சொந்தப் பெயர் நினைவுக்கு வராமல் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் தவித்தாராம். ஒரு பொருளில் மனம் ஒன்றிவிட்டால் தம்மையே மறக்கும் இயல்பு அவருக்கு இறுதிவரை இருந்தது.

1921ஆம் ஆண்டு அவர் மரபியல் பாடத்தை முதன்முதலாகப் பயின்றார். அக்காலத்தில் மரபியல் தோன்றி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் மரபணுக்கள், உயிரணுவின் உட்கருவில் உள்ள குரோமோசோம் என்னும் நூல் போன்ற உறுப்புகளில் வரிசையாக அமைந்துள்ளன என்று அறிஞர்கள் கருதினர். கோத்த மணிமாலையைப் போன்றது குரோமோசோம் என்பதும், மணி ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நிலையாக இருக்கும் என்பதும் அன்றைய கொள்கை. இம்மாலை உவமையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பார்பரா பின்னாளில் அசைத்தது இதனைத்தான்.

கார்னெலில் மக்காச்சோளமே ஆராய்ச்சிக்குரிய பயிராக இருந்தது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. சோளக்கதிரின் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பிள்ளை; ஒரே கதிரில் சில நூறு உடன்பிறப்புகளை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். செடியின் உச்சியில் ஆண்பூக்களும், இடையில் பட்டிழைகளோடு கூடிய பெண்கதிரும் தனித்தனியே இருப்பதால், எந்தச் செடியின் மகரந்தத்தை எந்தக் கதிரில் சேர்க்க வேண்டுமோ அதனைக் கையாலேயே சேர்க்க முடியும். காற்றில் பறந்துவரும் வேறு மகரந்தம் விழாதபடி கதிர்களைத் தாள் உறையால் மூடிவைப்பர். ஆனால், விதைத்து, வளர்த்து, கலப்புச் செய்து, கதிர் முற்றி விடை கிடைக்கும்வரை ஒரு பருவம் முழுவதும் காத்திருக்க வேண்டும். கோடையில் வயலிலும், குளிர்காலத்தில் நுண்ணோக்கியின் முன்னும் என ஆண்டைப் பகுத்துக்கொண்டு பார்பரா உழைத்தார்.

மக்காச்சோளத்தில் பத்து இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவை ஒன்றுபோலவே தோன்றியதால், எது எதுவென்று அதுவரை எவராலும் பிரித்தறிய இயலவில்லை. உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிச் சாயமேற்றும் ஒரு புதிய முறையைப் பார்பரா மக்காச்சோளத்துக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினார். ஒவ்வொரு குரோமோசோமின் நீளம், அதன் கரங்களின் அளவு, அதில் காணப்படும் முடிச்சுகள் ஆகியவற்றை உற்றுநோக்கிப் பத்தையும் அடையாளம் கண்டார். மிக நீண்டதற்கு 1 என்றும் மிகக் குறுகியதற்கு 10 என்றும் எண்ணிட்டார். 1927ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

1931ஆம் ஆண்டு அவர் தம் மாணவியாகிய ஹாரியட் கிரைட்டனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மரபியல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன என்று அறிஞர்கள் நெடுங்காலமாக நம்பி வந்தனர். இதனைக் குறுக்கே கலத்தல் என்பர். ஆனால், நம்பிக்கைக்குக் கண்கூடான சான்று இல்லை. ஒரு முனையில் முடிச்சும் மறுமுனையில் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டும் கொண்ட 9ஆம் குரோமோசோம் ஒன்றைப் பார்பரா கண்டறிந்திருந்தார். இரு முனைகளிலும் அடையாளமிட்ட நூலைப் போன்றது அது. விதையின் நிறம், மாவின் தன்மை ஆகிய பண்புகள் இடம் மாறியபோதெல்லாம் முடிச்சும் துண்டும்கூடப் பிரிந்து இடம் மாறியிருப்பதை இருவரும் நுண்ணோக்கியில் கண்டனர். ஜெர்மனியில் கர்ட் ஸ்டெர்ன் என்பவர் பழ ஈக்களில் இதே உண்மையை நிறுவிக்கொண்டிருந்தார். காலந்தாழ்த்தாது வெளியிடுமாறு புகழ்பெற்ற மரபியலறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் வற்புறுத்தியதால், சோளத்தின் சான்று முந்திக்கொண்டது.

இத்தகைய வெற்றிக்குப் பின்னும் நிலையான பணி அவருக்கு எளிதில் அமையவில்லை. அக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்குப் பேராசிரியர் பதவி அரிதாகவே கிடைத்தது. நல்கைகளைக் கொண்டே அவர் ஊர் ஊராகச் சென்று ஆய்வு செய்தார். 1933ஆம் ஆண்டு ஒரு நல்கையில் ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே நாஜிக்கள் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தனர்; யூத அறிஞர்கள் பணியிலிருந்து விரட்டப்பட்டனர். அச்சூழலைக் கண்டு மனம் கலங்கிய அவர், நல்கைக்காலம் முடியும் முன்னரே நாடு திரும்பினார். 1936ஆம் ஆண்டு மிசௌரி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். அங்கும் தமக்கு எதிர்காலம் இல்லை என்று உணர்ந்து 1941இல் வெளியேறினார்.

அலைந்து திரிந்த அவ்வாண்டுகளில்தான், காயமுற்ற உயிரணு என்ன செய்கிறது என்னும் ஆராய்ச்சி தொடங்கியது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் குரோமோசோம்கள் உடைகின்றன. உடைந்த முனை வெறுமனே இருப்பதில்லை. அது பசையிட்டதுபோல மற்றோர் உடைந்த முனையைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும் நேரத்தில், இவ்வாறு ஒட்டிய குரோமோசோம் இரு பக்கமும் இழுக்கப்பட்டுப் பாலம்போல நீண்டு மீண்டும் அறுகிறது. அறுந்த முனைகள் மறுபடியும் ஒட்டுகின்றன, மறுபடியும் அறுகின்றன. உடைதல், ஒட்டுதல், பாலமாதல் என்னும் இச்சுழற்சியைப் பார்பரா படிப்படியாக விளக்கினார். முளைக்கருவில் மட்டும் உடைந்த முனை ஆறிவிடுகிறது என்பதையும் கண்டார். புண்பட்ட குரோமோசோமை உயிரணு உணர்கிறது, உணர்ந்து செயல்படுகிறது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்போது வேரூன்றியது. இயல்பான குரோமோசோமின் நுனி ஏன் பிறவற்றோடு ஒட்டுவதில்லை என்ற வினாவும் அங்கிருந்தே எழுந்தது. டெலோமியர் எனப்படும் அந்நுனிக் காப்பைப் பற்றிய ஆய்வுக்கு 2009ஆம் ஆண்டு மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், கடலோரமாக அமைந்துள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பாடம் நடத்தும் கடமை இல்லை, விளைநிலம் உண்டு, நுண்ணோக்கி உண்டு. வேறெதனையும் அவர் வேண்டவில்லை. வாழ்நாளின் எஞ்சிய ஐம்பது ஆண்டுகளை அங்கேயே கழித்தார். 1944ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். மறு ஆண்டு மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

அதே 1944ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நியூரோஸ்போரா என்னும் ரொட்டிப் பூஞ்சையின் குரோமோசோம்கள் மிகமிகச் சிறியவை. அவற்றைக் காண எவராலும் இயலவில்லை. பார்பராவும் சில நாள்கள் முயன்று தோற்றார். பின்பு நுண்ணோக்கியை விட்டு எழுந்து சென்று, யூகலிப்டஸ் மரங்களின் நிழலில் நெடுநேரம் தனியே அமர்ந்திருந்தார். திரும்பி வந்தபின், அதுவரை தெரியாதவை அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அப்பூஞ்சைக்கு ஏழு குரோமோசோம்கள் உண்டு என்று சில கிழமைகளில் நிறுவினார். பார்க்கும் பொருள் மாறவில்லை; பார்க்கும் மனம் அமைதி பெற்றிருந்தது.

இனி, புள்ளியிட்ட மணிகளுக்கு வருவோம். உடைந்த 9ஆம் குரோமோசோமைத் தாய், தந்தை என இருபுறமும் பெற்ற செடிகளைப் பார்பரா வளர்த்தார். அவற்றின் வழிவந்த செடிகளில் இதுவரை காணாத வண்ணக் கோலங்கள் தோன்றின. இலை ஒன்றில் அடுத்தடுத்து இரு பட்டைகள் இருந்தன. ஒன்றில் கீற்றுகள் மிகுந்தும், மற்றொன்றில் குறைந்தும் காணப்பட்டன. இவ்விரு பட்டைகளும் ஒரே உயிரணு இரண்டாகப் பிரிந்ததால் உண்டானவை. அவ்வாறாயின், பிரியும் வேளையில் ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இழந்தது எது? பெற்றது எது? இவ்வினாக்களுக்கு விடை காண ஆறு ஆண்டுகள் ஆயின.

9ஆம் குரோமோசோம் ஒரு குறிப்பிட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப உடைவதை அவர் கண்டார். அவ்விடத்தில் இருந்த கூறுக்குப் பிரிப்பான் என்று பொருள்படும் பெயரை இட்டார். அது தானே செயல்படுவதில்லை. தூண்டி என்னும் மற்றொரு கூறு உயிரணுவில் இருந்தால்தான் செயல்படும். 1948ஆம் ஆண்டுவாக்கில் அவர் கண்ட உண்மை அவரையே வியப்பில் ஆழ்த்தியது. பிரிப்பான் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை. அது தான் இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குத் தாவியது. தூண்டியும் அவ்வாறே தாவியது. மாலையில் கோத்த மணிகளுள் சில, தாமே கழன்று வேறிடத்தில் சென்று கோத்துக்கொள்கின்றன.

மணியில் புள்ளி விழும் விதம் இதனால் விளங்கிற்று. விதைக்கு ஊதா நிறம் தரும் மரபணு ஒன்று உண்டு. பிரிப்பான் தாவிச் சென்று அம்மரபணுவின் நடுவே புகுந்துகொண்டால், மரபணு செயலிழந்து விதை நிறமற்றதாகிறது. விதை வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஏதேனும் ஓர் உயிரணுவில் பிரிப்பான் அங்கிருந்து விலகினால் மரபணு மீண்டும் உயிர்பெறுகிறது. அந்த உயிரணுவும் அதன் வழிவந்த அணுக்களும் ஊதா நிறம் கொள்கின்றன. விதை வளர்ச்சியின் தொடக்கத்திலேயே விலகினால் வழிவரும் அணுக்கள் மிகுதி. ஆகவே புள்ளி பெரிது. முடிவுக்காலத்தில் விலகினால் அணுக்கள் சிலவே. ஆகவே புள்ளி சிறிது. ஒரு சோளமணியின் புள்ளியை அளந்தே, உயிரணுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூறு எப்போது இடம்பெயர்ந்தது என்பதைப் பார்பரா கணித்தார். மரபணுவின் வேதியியல் அமைப்பு இன்னதென்று எவரும் தெளிவாக அறியாத காலத்தில் இதனைச் செய்தார் என்பதே பெருவியப்பு. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953ஆம் ஆண்டில்தான் வெளியானது.

1950ஆம் ஆண்டு அவர் தம் முடிவுகளை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். 1951ஆம் ஆண்டு கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் கூடிய அறிஞர் பேரவையில் விரிவாக உரையாற்றினார். அவையில் அமைதி நிலவியது. அது பாராட்டின் அமைதி அன்று. பலருக்கு உரை விளங்கவில்லை. விளங்கிய சிலருக்கோ நம்பிக்கை பிறக்கவில்லை.

உலகமே அவரை எள்ளி நகையாடியது என்று பிற்காலத்தில் கதைபோலச் சொல்லப்படுவது முழு உண்மை ஆகாது. அவர் அப்போதே பெரும் மதிப்புக்குரிய அறிஞர். மக்காச்சோளத்தில் சில கூறுகள் இடம்பெயர்கின்றன என்பதை மரபியலார் சிலர் ஏற்கவே செய்தனர். ஆயினும் அதனைச் சோளத்துக்கே உரிய விந்தையாகக் கருதி ஒதுக்கிவைத்தனர். இக்கூறுகள் பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்து, உயிரின் வளர்ச்சியையே நெறிப்படுத்துகின்றன என்னும் அவருடைய பெருங்கொள்கையை அவர்கள் ஏற்கவில்லை. அக்கொள்கை அவர் கூறிய வடிவிலேயே பின்னர் நிலைபெறவும் இல்லை. ஆனால், மரபணுக்களை இயக்கும் திறப்பும் அடைப்பும் உயிரணுவில் உண்டு என்பதை 1961இல் பிரெஞ்சு அறிஞர்களான ஜேக்கப், மோனாடு ஆகியோர் பாக்டீரியாவில் காட்டினர். அதனைப் படித்ததும், சோளத்தில் தாம் கண்டதை அதனோடு ஒப்பிட்டுப் பார்பரா மகிழ்வோடு ஒரு கட்டுரை எழுதினார்.

தம் சொல் செவியேறாததைக் கண்ட அவர், 1950களின் நடுவிலிருந்து இவ்வாய்வின் முடிவுகளை ஆய்விதழ்களில் விரிவாக வெளியிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஆய்வை நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சோளம் விதைத்தார். தம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முடிவுகளைப் பதிந்துவைத்தார். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உழவர்கள் பயிரிடும் நாட்டுச் சோள வகைகளின் குரோமோசோம்களையும் ஆராய்ந்தார். எந்த வகை எங்கிருந்து எங்கே சென்றது என்பதை அவற்றின் முடிச்சுகளைக் கொண்டே அறிய முடிந்தது. 1967ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வகத்துக்கு வருவதை அவர் விடவில்லை.

காலம் மெல்லத் திரும்பியது. 1960களின் இறுதியில் பாக்டீரியாக்களில் இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளை அறிஞர்கள் கண்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைப் பாக்டீரியாக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பெறுவதற்கும் இத்துண்டுகள் துணைபுரிகின்றன என்பது தெரியவந்தது. ஈஸ்ட்டிலும் பழ ஈயிலும் இவை காணப்பட்டன. சோளத்தின் விந்தை என்று ஒதுக்கப்பட்டது எல்லா உயிர்க்கும் பொதுவாயிற்று. 1980களின் தொடக்கத்தில் நீனா ஃபெடராஃப் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் தூண்டியையும் பிரிப்பானையும் சோளத்திலிருந்து பிரித்தெடுத்து, அவற்றின் வேதியியல் அமைப்பைப் படித்தறிந்தனர். தூண்டி, தாவுவதற்கு வேண்டிய நொதியை உண்டாக்குகிறது; பிரிப்பானுக்கு அந்நொதியை உண்டாக்கும் திறன் இல்லை. வயலில் நின்று பார்பரா உய்த்துணர்ந்தது, மூலக்கூறு அளவிலும் மெய்யென நிறுவப்பட்டது.

1983ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு தமக்கு அளிக்கப்பட்ட செய்தியை அவர் வானொலி வழியே அறிந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. அத்துறையில் அப்பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளாது தனியாகப் பெற்ற முதல் பெண் அவரே.

டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் ஆற்றிய பரிசுரையில், பழைய புகழைப் பேசாமல் புதியதொரு வினாவையே அவர் முன்வைத்தார். வெப்பம் மிகும்போது உயிரணு அதனைத் தாங்கும் புரதங்களை விரைந்து உண்டாக்குகிறது. இது முன்னரே ஆயத்தம் செய்துவைத்த தற்காப்பு. பழ ஈக்களில் இதனை இத்தாலிய அறிஞர் ஃபெருச்சியோ ரிட்டோசா 1962ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். ஆனால், குரோமோசோம் உடைதல், வைரசுத் தொற்று, அயல் இனங்களின் கலப்பு போன்ற எதிர்பாராத அதிர்ச்சிகள் நேரும்போது உயிரணு என்ன செய்யும்? உறங்கிக்கிடந்த தாவும் கூறுகள் விழித்துக்கொண்டு, மரபுத்தொகுதி முழுவதையும் புதிதாக அடுக்கக்கூடும் என்றார். தன்னுள் நேர்ந்த ஊறினை உயிரணு எவ்வாறு உணர்கிறது என்பதை ஆராய்வதே இனிவரும் அறிஞர்களின் பணி என்று சுட்டிக்காட்டினார். வறட்சி, உப்பு, கடுங்குளிர் ஆகியவற்றைப் பயிர்கள் தாங்கும் திறனை ஆராய்வோர் இன்று அவ்வினாவின் பின்னேயே செல்கின்றனர்.

பார்பரா மெக்கிளின்டாக் 1992ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து மக்காச்சோளத்தின் மரபுத்தொகுதி முழுமையாகப் படித்து வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரு காலத்தில் இடம்விட்டு இடம் தாவிய கூறுகளாலும் அவற்றின் எச்சங்களாலும் ஆனது. மனிதனின் மரபுத்தொகுதியில் அவற்றின் அளவு பாதிக்குச் சற்றே குறைவு.